ஜிப்பு தெரியாத முதலை

உக்காருங்க தம்பி, உக்காருங்க. அது ஒண்ணும் பண்ணாது. இருங்க, வாலை இப்படி மடிச்சுக்கறேன். இப்பக் காலை நீட்டலாம் பாருங்க.

முதலைதானுங்க. உசுரெல்லாம் இல்லை, ரெக்சினு. உள்ளார ஃபோமு. கண்டக்டரு மேல போடுங்கன்னாரு. மேல போட்டா மூக்கு நசுங்கிப் போயிரும்னு நான்தான் மடியில வெச்சுக்கிட்டேன். ரெண்டு மாசம் உக்காந்து செஞ்ச மூக்குங்க இது. நீங்க எங்க போறீங்க, சேலமா? நான் பவானியில எறங்கிக்குவேன். அங்கதான் கடை. தெய்வசிகாமணி சீட் கவர்ஸ்னு கேட்டீங்கன்னா யாரும் சொல்லுவாங்க. காரு, வேனு, லாரி, ட்ராக்டரு, எதுக்கு வேணும்னாலும் தைப்பேன்.

வரும்போது நான் பஸ்ஸுல வரலீங்க. காலையில கார்ல வந்தேன். என்ற தங்கச்சி மகன் கார்ல, முன் சீட்டுல. போகும்போது பாருங்க, முதலையும் நானும் பஸ்ஸுல. எல்லாம் எதுக்குன்னு கேளுங்க. உண்மையைச் சொன்னதுக்கு. முப்பது வருசம் பொறுத்துப் பொறுத்துப் பாத்து, ஒரே ஒரு நாள் வாயைத் தொறந்தேன். அதுக்குத்தான் இந்த மரியாதை.

"ரத்தம் கேட்ட முதலை"ன்னு ஒரு படம். கேள்விப்பட்டிருக்கீங்களா? சிரிக்கிறீங்க. பாத்தீங்களா, பேரைச் சொன்னதுமே சிரிக்கிறீங்க. எல்லாரும் இப்படித்தானுங்க.

தொண்ணூத்து மூணுல எடுத்தது. ஈரோட்டுல எழில்வாணன்னு ஒருத்தரு போட்டோ ஸ்டுடியோ வெச்சிருந்தாரு. பாஸ்போர்ட் சைஸ் எடுத்துக்கிட்டு இருந்த மனுசனுக்குத் திடீர்னு படம் எடுக்கணும்னு வந்துருச்சு. என்ற கடைக்கு வந்தாரு. "சிகாமணி, எனக்கு ஒரு முதலை வேணும். உள்ளார ஆள் போயி நீந்தோணும்"னாரு. நான் அதுவரைக்கும் முதலையைப் பாத்ததே இல்லீங்க. அமராவதி டேமுக்குப் போயி, முதலைப் பண்ணையில ஒரு நாள் முழுக்க உக்காந்து முதுகைப் பாத்துட்டு வந்தேன். பச்சையும் கறுப்புமா ரெண்டு ரெக்சின். முதுகுல இருக்கற முள்ளு முள்ளுக்கெல்லாம் உள்ள கயிறு வெச்சு, ஒவ்வொண்ணா தைச்சேன். கண்ணுக்கு வேன் இண்டிகேட்டரு. இந்தப் பாருங்க, இதுதான், அதே கண்ணு.

உள்ளார போறதுக்கு ஆள் வேணுமில்ல. என்ற தங்கச்சி வீட்டுக்காரரு குழந்தைவேலுன்னு. ஜமுக்காளத் தறியில இருந்தாரு. நாடகத்துல ஆஞ்சநேயர் வேசம் கட்டுவாரு. நல்ல தேகம், நல்லா மூச்சுப் புடிப்பாரு. நான்தான் டைரக்டர்கிட்ட சொல்லி அவரை எடுத்துவிட்டேன். அவருக்கு சினிமாவுல வழி காட்டினதே நான்தானுங்க. இது யாருக்காவது ஞாபகம் இருக்குதா? இல்லை.

அந்தப் படம் நாலு நாள் ஓடுச்சு. அஞ்சாவது நாள் எடுத்துட்டாங்க. சரி, முடிஞ்சுதுன்னு முதலையைக் கடைப் பரண்மேல தூக்கிப் போட்டுட்டு நான் என்ற வேலையைப் பாத்தேன். எலி பாதியத் தின்னு போச்சு. இப்ப நாலஞ்சு வருசத்துக்கு முன்னால எவனோ நெட்டுல போட்டுட்டான். அதுல இருந்து பிடிச்சுதுங்க சனியன். கோயமுத்தூர்ல காலேஜ் பசங்க வருசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை, ஒரு தியேட்டரையே எடுத்து, காலையில பத்து மணிக்கு இந்தப் படத்தைப் போடறாங்களாம். முன்னூறு பேரு வர்றானுங்களாம். எதுக்கு? சிரிக்கறதுக்கு.

சிரிக்கறதுக்கு அதுல விசயம் இல்லேன்னு நான் சொல்லலைங்க. ஹீரோயின் பொண்ணு சிவப்புச் சேலையோட வாய்க்கால்ல குதிக்கும், மஞ்சச் சேலையோட எந்திரிக்கும். வில்லனுக்கு மீசைக்குப் பக்கத்துல மச்சம், ஒரு சீன்ல இடது பக்கம், ஒரு சீன்ல வலது பக்கம். முதலை வாயைத் தொறந்தா சிங்கம் கத்தும். சவுண்டு போட்டவங்கிட்ட சிங்கம் கத்துற டேப்பு ஒண்ணுதான் இருந்துதாம். முதலை அப்படிக் கத்தாதுன்னு நானே போயிச் சொன்னேன். "சிகாமணி, நீ சீட்டைப் பாரு"ன்னுட்டாங்க. அதெல்லாம் என்ற வேலையில்லை. அதுக்குச் சிரிக்கட்டும், நல்லாச் சிரிக்கட்டும். என்ற முதலையைப் பாத்து எதுக்குங்க சிரிக்கோணும்?

அதுக்குக் காரணம் அந்த வாய்க்கால் சீன். சொல்றேன், அவசரப்படாதீங்க. அவினாசியே இன்னும் வரலை.

மொத நாள் சூட்டிங்கு மேட்டுலதான். முதலை புதருக்குள்ள இருந்து வரும், அவ்வளவுதான். எடுத்துப் பாத்துட்டு டைரக்டர் முகம் சுருங்கிப் போச்சு. "சிகாமணி, முதுகுல ஜிப்பு தெரியுது"ன்னாரு. பின்னே? ஆள் உள்ளார போறதுக்கு வழி வேண்டாமுங்களா? சீட் கவர்னா பின்னாடி ஜிப்பு வெப்போம், யாரும் பாக்கமாட்டாங்க. முதலைக்கு அந்த முதுகைத்தான் எல்லாரும் பாப்பாங்கன்னு எனக்குத் தோணலை. "என்னப்பா, தலகாணி உறை மாதிரி இருக்குது"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிப்போட்டாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்க. அன்னிக்கு நான் சோறு திங்கலை.

மறுநாள் கோபி பக்கம் வாய்க்கால்ல சூட்டிங்கு. நான் விடிகாலையிலேயே ஒரு பட்டை வெட்டி எடுத்துட்டுப் போனேன். பிடரியில இருந்து வால் வரைக்கும், ஜிப்பு மேல மூடற மாதிரி ஒரு மடிப்பு. மாப்பிள்ளை உள்ளார போனதும் ஜிப்பைப் போட்டு, மேல அந்த மடிப்பைச் சொலூசன் வெச்சு ஒட்டி, ரெட்டை நைலான் நூல்ல சுத்தித் தைச்சுட்டேன். லாரி தார்ப்பாய்க்குப் போடற தையல். டைரக்டர் கையை வெச்சுத் தடவிப் பாத்தாரு. "ஜிப்பு எங்கய்யா?"ன்னாரு. தெரியலைங்க அவருக்கு! ஒரு சாண் தள்ளி நின்னு பாக்கறாரு, தெரியலை. அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு.

மாப்பிள்ளைகிட்டச் சொன்னேனான்னா? எதுக்குங்க? உள்ளார இருக்கறவருக்கு முதுகுல என்ன இருக்குதுன்னு எதுக்குத் தெரியோணும்? ஷாட்டு ரெண்டு நிமிசம். முடிஞ்சதும் நான் பிரிச்சு விடப்போறேன். கத்தி என்ற இடுப்புலயே இருக்குது. இந்தக் கத்திதானுங்க, இந்த மஞ்சப் பையில இருக்குது. கடையில வேற கத்தி தொடமாட்டேன்.

இதுல ஒரு சின்ன விசயம் நடந்து போச்சு. ஃபோமு. சீட்டுக்குப் போடற ஃபோமுதான் நான் போட்டேன். வேற என்ன போடுவேன்? சீட்டு மேல தண்ணி ஊத்தினா வழிஞ்சு போயிரும், துடைச்சுக்கலாம். சீட்டை யாருங்க வாய்க்கால்ல முக்கறாங்க? தண்ணிக்குள்ள போயி கொஞ்ச தூரம் நல்லாத்தான் நீந்துச்சு. அப்புறம் அந்த ஃபோமு தண்ணியை இழுத்துருச்சு. முதலை ஒரு பக்கமா சாஞ்சுது. அப்புறம் மல்லாந்துது. அப்புறம் சுத்திச் சுத்தி உருளுது. டைரக்டர் "பிரமாதம், குழந்தைவேலு, பிரமாதம்!"னு கத்தறாரு. கேமரா ஓடிக்கிட்டே இருக்குது. நானும் நல்லா நடிக்கிறாருன்னுதான் நெனச்சேன்.

அப்பறம் முதுகு மேல வந்துது. அந்த மடிப்புக்குக் கீழ இருந்து ஏதோ தள்ளுது. இங்க தள்ளுது, அங்க தள்ளுது. தையல் அசையலை. ஒரு நூல் விடலைங்க. நான் குதிச்சுட்டேன். கத்தியால பிடரியில இருந்து ஒரே கிழி. மடிப்பும் போச்சு, ஜிப்பும் பிஞ்சு தொங்குது. உள்ள இருந்து ஒரு கை வந்துது. மணிக்கட்டுல வாட்சு. கல்யாணத்துக்கு நாங்க போட்ட வாட்சு, அதைக் கழட்டி வெச்சுட்டுப் போகச் சொல்லுங்க, கேக்கமாட்டாரு.

கரையில கவுத்துப் போட்டு முதுகுல தட்டினோம். தண்ணியாக் கக்கினாரு. கண்ணு முழிச்சதும் மொத வார்த்தை என்ன தெரியுங்களா? "மச்சான், சம்பூர்ணத்துகிட்டச் சொல்லிப் போடாதீங்க." சம்பூர்ணம் என்ற தங்கச்சி. அப்ப அவ அஞ்சு மாசம். நான் எதுக்குங்க சொல்றேன்? கிழிஞ்ச முதலையைப் பாத்துட்டு அவளே கேட்டா. உன்ற ஊட்டுக்காரரு பொறுமையில்லாம கிழிச்சுக்கிட்டு வெளிய வந்துட்டாருன்னு சொன்னேன். அவரும் ஆமான்னுட்டாரு. அதோட முடிஞ்சுது.

முடிஞ்சுதுன்னுதான் நெனச்சேன். ஆனா எழில்வாணன் என்ன பண்ணினாரு? ஃபிலிம் ரோலு தீந்துருச்சு, மறுபடி எடுக்க முடியாதுன்னு அந்தக் கை வந்ததையே படத்துல வெச்சுட்டாரு! முதலை முதுகு பிளந்து, பிஞ்ச ஜிப்பு தொங்கி, அதுக்குள்ள இருந்து வாட்ச் கட்டின கை ஆடுது. ஓரத்துல நீலக் கட்டம் போட்ட லுங்கி ஒண்ணு ஒரு நொடி தெரியும். அது நான். மொத நாள் பவானியில அந்தச் சீனு வந்ததும் ஜனம் சிரிச்ச சிரிப்பு இருக்குதே. எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். அதுக்கப்புறம் நான் அந்தப் படத்தைப் பாத்ததே இல்லீங்க, இன்னிக்குக் காலையில வரைக்கும்.

இதுல மாப்பிள்ளைக்கு இப்ப எத்தனை மவுசு தெரியுங்களா? "வாட்ச் முதலை"ன்னு பேரு. எங்க போனாலும் பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கறாங்க. என்ற பேரு படத்துலயே கிடையாது. டீ வாங்கிக் கொடுத்தவன் பேரு வரைக்கும் வருது, முதலை செஞ்சவன் பேரு வராது.

அப்பத்தான் மிருதுளான்னு ஒரு காலேஜ் பொண்ணு போன் பண்ணுச்சு. "அங்கிள், இந்த வருசம் முதலையையே மேடைக்குக் கொண்டு வரணும். உங்க பேரை எல்லார்கிட்டயும் சொல்றோம், சால்வை போடறோம்"னுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. முப்பது வருசங்க! அப்புறம் அந்தப் பொண்ணு என்ன சொல்லுது? "அங்கிள், ஜிப்பு மட்டும் நல்லாத் தெரியற மாதிரி வெச்சுருங்க. அதுதான் முக்கியம்." நான் சரி கண்ணுன்னு போனை வெச்சுட்டேன். ஜிப்பு தெரியற மாதிரியா? என்ற கையாலயா?

ரெண்டு மாசம் வேலை செஞ்சேன். எலி தின்ன ஃபோமை எடுத்துட்டுப் புதுசு போட்டேன். முதுகு புது ரெக்சின். மடிப்பு, அன்னிக்கு வெட்டினதைவிட அரை இஞ்சு அகலமா வெட்டினேன். மேடையில மாப்பிள்ளை உள்ளார போயி ஊர்ந்து வரணும்னு ஏற்பாடு. இன்னிக்குக் கார்ல நாங்க நாலு பேரும் வந்தோம், நான், தங்கச்சி, மாப்பிள்ளை, வண்டி ஓட்டற அவங்க பையன். வழியெல்லாம் நாலு கண்ணாடியும் இறக்கிவிட்டுத்தான். ஏசி இருக்குது, மாப்பிள்ளை போட விடமாட்டாரு. வீட்லயும் அப்படித்தான், மழையடிச்சாலும் கதவைச் சாத்த விடமாட்டாரு. போர்வையை முகத்துக்கு இழுக்கமாட்டாரு. பேரு வந்தா மனுசனுக்கு எத்தனை பந்தா பாருங்க.

தியேட்டருக்குப் போனா, பசங்க கையில எல்லாம் வாட்சு. இந்தக் காலத்துல எந்தப் பையனுங்க வாட்சு கட்டறான்? பரவாயில்லையே, நேரம் காலம் தெரிஞ்ச பசங்கன்னு நெனச்சேன். நாலஞ்சு பேரு பேண்ட்டுக்கு மேல நீலக் கட்டம் போட்ட லுங்கி கட்டியிருந்தானுங்க. அது எதுக்குன்னு எனக்குப் புரியலை.

படம் ஓடறதுக்கு முன்னாடி மேடைக்குப் பின்னால முதலையை விரிச்சு வெச்சேன். நான் ஊசியில நைலான் நூல் கோத்துக்கிட்டு நிக்கிறேன். மாப்பிள்ளை சட்டையைக் கழட்டிட்டு வந்தாரு. அந்த மடிப்பைப் பாத்தாரு. என்ற கையில இருந்த ஊசியைப் பாத்தாரு. மடிப்பைத் தடவிப் பாத்துட்டு, மெதுவா, "மச்சான், மறுபடியும் மூடப் போறீங்களா?"ன்னாரு. அவ்வளவுதான். பக்கத்துல கெடந்த ஸ்டூல்ல உக்காந்துட்டாரு. வேர்த்துக் கொட்டுது. நான் உள்ள போகலைங்கறாரு. ரெண்டு மாச வேலைங்க! பாதியில காலை வாரறதுன்னா இதுதானுங்க. மறுபடியும்னு எதுக்குச் சொன்னாருன்னும் புரியலை. அன்னிக்குத் தைச்சதை நான் அவருகிட்டச் சொல்லவே இல்லையே.

சரி போகட்டும், ஆள் இல்லாட்டி என்ன, மேடையில வெக்கறப்ப முதுகு சுத்தமா இருக்கோணுமேன்னு வெறும் முதலையையே மூடித் தைச்சு முடிச்சுட்டுப் போயி உக்காந்தேன்.

படம் ஓடுச்சு. சேலை மாறினப்ப முன்னூறு பேரும் "சிவப்பு! மஞ்ச!"ங்கறான். சிங்கம் கத்தினப்ப எல்லாரும் சேந்து கத்தறான். வசனமெல்லாம் ஒரு எழுத்து விடாம தெரியுது. அவங்க பாடப் புத்தகத்தை இப்படிப் படிச்சிருந்தா எங்கயோ போயிருப்பாங்க. வாய்க்கால் வந்துது. "ஜிப்பு! ஜிப்பு!"ன்னு ஆரம்பிச்சாங்க. கை வந்ததும், தம்பி, முன்னூறு பேரும் எந்திரிச்சு, வாட்ச் கட்டின கையைத் தூக்கி அப்படியே ஆட்டறான். லுங்கி தெரிஞ்ச உடனே, "லுங்கி அண்ணன் வாழ்க!"ன்னு ஒரே விசிலு. அந்தப் பசங்க லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு ஆடறானுங்க. அவமானமாப் போச்சுங்க எனக்கு. தலையைக் குனிஞ்சுக்கலாம்னு பாத்தேன். ஆனா திரையில அந்தக் கையைப் பாத்துட்டே இருந்துட்டேன். நான் ரெண்டு நொடிதான்னு நெனச்சிருந்தேன். பதினொண்ணு. எண்ணிட்டேன். பதினொரு நொடி ஆடுது அந்தக் கை.

அப்புறம் மேடை. முதலையைக் கொண்டு வந்து வெச்சாங்க. கை தட்டுனாங்க. திருப்பி முதுகைக் காட்டினேன். தட்டறது நின்னு போச்சு. "ஜிப்பு எங்க?"ன்னு ஒருத்தன் கேட்டான். எழில்வாணன் கேட்ட அதே கேள்வி! ஆனா இவன் ஏமாந்து போயிக் கேக்கறான். மிருதுளா முகம் வாடிப் போச்சு. ஆனா சொன்ன மாதிரி என்ற பேரைச் சொல்லி, சால்வையும் போட்டுது. இல்லைங்கலை.

அதோட வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். அந்தப் பொண்ணு மாப்பிள்ளைகிட்ட மைக்கைக் கொடுத்து, அந்தக் கை எப்படி சார் வந்துச்சுன்னு கேட்டுது. அவரு எப்பவும் சொல்ற கதையையே சொன்னாரு. "உள்ளார எறும்பு கடிச்சுதுங்க. ஜிப்பு வேற லூசு. கையை விட்டேன், தொறந்துக்கிச்சு." எல்லாரும் சிரிக்கிறான். ஜிப்பு லூசாம்! நான் போட்ட ஜிப்பு! எனக்குச் சால்வை போட்ட மேடையில!

எந்திரிச்சுட்டேன். "பொய்!"னு கத்தினேன். "அது தானாத் தொறக்கலை. என்ற தையல் தானாத் தொறக்காது. ஜிப்புக்கு மேல மூடி, ரெட்டை நூல் போட்டு நான் தைச்சேன். மூச்சு முட்டி, தண்ணி குடிச்சு, மனுசன் உள்ள இருந்து முட்டி மோதிப் பாத்தாரு, ஒரு நூல் விடலை! நான்தான் குதிச்சுக் கத்தியால கிழிச்சேன்!"னு சொன்னேன்.

கை தட்டுவாங்கன்னு நெனச்சேனுங்க. ஒருத்தர் தட்டலை. முன்னூறு பேரும் அப்படியே உக்காந்திருக்கான். முன் வரிசையில ஒரு பையன் வாட்சைக் கழட்டிப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டான். ஏன்னு கேட்டா எனக்குத் தெரியலை. மாப்பிள்ளை மைக்கைக் கீழ வெச்சுட்டு, "விடுங்க மச்சான்"னாரு.

வெளிய வந்து முதலையை டிக்கியில ஏத்திட்டுத் திரும்பினா தங்கச்சி நிக்கிறா. "அண்ணா, நீ தைச்சு மூடினியா?"ன்னா. ஆமா அம்மிணி, ஜிப்பு தெரியக் கூடாதில்லன்னேன். "கதவு சாத்த விடமாட்டேங்கறாருன்னு முப்பது வருசமா நான் அவரை ஏசாத நாள் இல்லை அண்ணா"ன்னா. அப்புறம் பையனைக் கூப்பிட்டு, முதலையை டிக்கியில இருந்து எறக்கி வெக்கச் சொல்லிட்டா. மாப்பிள்ளை கார்ல இருந்து, "மச்சானும் வரட்டும், சம்பூர்ணம்"னாரு. அவ கேக்கலை. என்ற கூடப் பொறந்தவ, ரோட்டோரத்துல விட்டுட்டுப் போறா. நாலு கண்ணாடியும் எறக்கித்தான் இருந்துது. நான் கூப்பிட்டது கேக்காமயா இருக்கும்?

என்ன கேக்கறீங்க? நான்தானே காப்பாத்தினேன்னா? அட, அதை விடுங்க தம்பி. அது யாரா இருந்தாலும் குதிப்பாங்க. நீங்க இந்தத் தையலைப் பாருங்க. ஜிப்பு தெரியுதா? இழுத்துப் பாருங்க. வெக்கப்படாதீங்க, நல்லாப் பலமா இழுங்க. பாத்தீங்களா? வராது. வெளிய இருந்து இழுத்தா வராது. உள்ளார இருந்து தள்ளினாலும் வராது. இருங்க, காட்டறேன். இப்படி வாய் வழியா கையை விட்டு, முதுகுப் பக்கம் வந்து, இப்பத் தள்றேன் பாருங்க. வெளிய ஏதாவது அசையுதா? அசையலை பாத்தீங்களா. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்றேன்...

உள்ள ஒரே இருட்டா இருக்குதுங்க. அது வாய்க்குள்ள கண்ணை வெச்சுப் பாத்தா தெரியுது. இதுவரைக்கும் நான் இந்தப் பக்கம் இருந்து தள்ளிப் பாத்ததே இல்லை.

பெருந்துறை தாண்டிருச்சா? தம்பி, அந்த மஞ்சப் பையில கத்தி இருக்கும், கொஞ்சம் எடுங்க. இல்லீங்க, கை ஒண்ணும் மாட்டிக்கலை. கை வந்துரும். நீங்க அந்த மடிப்போட ஓரத்தை மட்டும் இறுக்கிப் புடிச்சுக்குங்க. பவானி வர்றதுக்குள்ள கிழிச்சுரலாம்.